மேகத்தில் களவு போனால் தடயம் எங்கே?

2018 ஆகஸ்ட் 11, இரண்டாவது சனிக்கிழமை. வங்கிகளுக்கு விடுமுறை. நமது புனே நகரில், கணேஷ்கிண்ட் பகுதியில் தலைமையகம் கொண்டிருக்கும் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியிலும் அன்று வாடிக்கையாளர் கூட்டம் இல்லை. 1906-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பழம்பெரும் வங்கி அது. ஆனால் அதே நாளில், 28 நாடுகளில் யார் யாரோ ஏ.டி.எம். இயந்திரங்களின் முன் நின்று, இந்த வங்கியின் பெயரில் தயாரிக்கப்பட்ட போலி அட்டைகளைச் செருகிப் பணத்தை அள்ளிக்கொண்டிருந்தார்கள். வெளிநாடுகளில் விசா அட்டைகள் மூலம் சுமார் 12,000 பரிவர்த்தனைகளில் 78 கோடி ரூபாய் போயிற்று. இந்தியாவுக்குள் ரூபே அட்டைகள் மூலம் 2,849 பரிவர்த்தனைகளில் இரண்டரைக் கோடி போயிற்று. அதோடு நிற்கவில்லை. ஆகஸ்ட் 13, திங்களன்று ஸ்விஃப்ட் வழியாக ஹாங்காங் வங்கி ஒன்றில் இருந்த கணக்குக்கு 13.92 கோடி ரூபாய் அனுப்பப்பட்டது. மொத்தம் 94 கோடியே 42 லட்சம்.

இந்தச் செய்தியைப் புனேவாசிகள் அப்போதே படித்து வியந்தோம். பூட்டை உடைக்கவில்லை, துப்பாக்கி காட்டவில்லை, கொள்ளை மட்டும் நடந்து முடிந்தது! ஆனால் இக்கட்டுரை கொள்ளையைப் பற்றியது அல்ல. கொள்ளைக்குப் பிறகு வருகின்ற ஒரு கேள்வியைப் பற்றியது. கம்ப்யூட்டருக்குள் நடந்த களவுக்குத் தடயம் எங்கே இருக்கும்? அதிலும், இன்று பெரும்பாலான நிறுவனங்கள் செய்வதுபோல் கம்ப்யூட்டரையே வாடகைக்கு எடுத்து நடத்தும்போது, அந்தத் தடயத்தை யார் எடுத்து வைத்திருப்பார்கள்?

வாசலில் உட்கார்ந்த போலி குமாஸ்தா

முதலில் காஸ்மாஸ் வங்கியில் நடந்தது என்ன என்று பார்ப்போம். நாம் ஏ.டி.எம்.-இல் அட்டையைச் செருகியதும், "இவர் கணக்கில் பணம் இருக்கிறதா, கொடுக்கலாமா?" என்ற கேள்வி வங்கிக்குப் போகிறது. அதை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்விட்ச் எனப்படும் ஒரு கம்ப்யூட்டர் அமைப்பு. அது உள்ளே இருக்கும் கணக்குப் பேரேட்டைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லும். களவாணிகள் செய்த தந்திரம், இந்த உண்மையான ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு போலி ஸ்விட்சை உருவாக்கியதுதான். கச்சேரி வாசலில் போலி குமாஸ்தா ஒருவன் உட்கார்ந்துகொண்டு, வரும் மனுக்களையெல்லாம் உள்ளே அனுப்பாமலேயே "சரி, கொடு" என்று முத்திரை குத்தி அனுப்பினால் எப்படியோ, அப்படி! உள்ளே இருந்த பேரேட்டுக்குக் கேள்வியே போகவில்லை. அதனால் வாடிக்கையாளர் கணக்குகளில் ஒரு பைசா கூடக் குறையவில்லை. போனது வங்கியின் பணம்.

பேரேட்டைப் புரட்டினால் அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். அப்படியென்றால் பணம் போனது எப்படித் தெரிந்தது? விசா, ரூபே அமைப்புகள் தங்களிடம் தனியாகக் கணக்கு வைத்திருந்தன. அதாவது, களவாணியின் கை எட்டாத இடத்தில் இன்னொரு பதிவு இருந்தது. உள்நாட்டில் கோலாப்பூர் முதலிய ஊர்களில் பணம் எடுத்தவர்களைப் பிடிப்பதற்கு ஏ.டி.எம். மையங்களின் கேமராப் படங்கள் போலீசாருக்கு உதவின. 2023 ஏப்ரலில் புனே நீதிமன்றம் 11 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. ஆனால் அவர்களெல்லாம் பணம் எடுத்துக் கொடுத்த கூலியாட்கள் வகையைச் சேர்ந்தவர்களே. இந்தத் தாக்குதலின் பின்னணியில் வடகொரியா இருந்ததாக ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலின் நிபுணர் குழு 2019-இல் அறிக்கை அளித்தது. சூத்திரதாரிகள் இந்திய நீதிமன்றத்தின் முன் நின்றதில்லை.

கும்பகோணத்துப் பிரிண்டர்

இதற்கு ஆறு மாதம் முன்பு நம் கும்பகோணத்திலும் இப்படியொன்று நடந்தது. 1904-இல் தொடங்கப்பெற்ற சிட்டி யூனியன் வங்கியிலிருந்து 2018 பிப்ரவரியில் ஸ்விஃப்ட் வழியாக மூன்று போலிப் பணப் பரிமாற்றங்கள், துபாய்க்கும் துருக்கிக்கும் சீனாவுக்குமாக, சுமார் 20 லட்சம் டாலர் அளவுக்கு நடந்தன. இதில் ஒன்று உடனே தடுத்து நிறுத்தப்பட்டது. வங்கி வெளியிட்ட தகவலில் ஒரு சிறு விவரம் நம் மனத்தில் நிற்க வேண்டும். திருடர்கள் ஸ்விஃப்ட்டுடன் இணைந்திருந்த பிரிண்டரைச் செயலிழக்கச் செய்துவிட்டார்கள். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தாளில் அச்சாகி வரவேண்டிய ஒப்புகை அன்று மாலை வரவில்லை. மறுநாள் காலை கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 2016-இல் வங்காளதேச மத்திய வங்கியில் 8 கோடியே 10 லட்சம் டாலர் பறிபோனபோதும் பிரிண்டர் இப்படித்தான் முடக்கப்பட்டது.

ஆக, கைதேர்ந்த திருடன் பணப்பெட்டியில் கை வைக்கும் முன் குறிப்பேட்டில் கை வைக்கிறான். கன்னக்கோலோடு கூடவே ஒரு துடைப்பத்தையும் கொண்டு வருகிறான், தன் கால் தடத்தைப் பெருக்கிவிட்டுப் போக!

வாடகை வீட்டில் கைரேகை

மேற்சொன்ன இரண்டு வங்கிகளிலும் களவு நடந்தது அவர்கள் பொறுப்பில் இருந்த அமைப்புகளில். போலீசார் வந்தால் காட்டுவதற்கு இயந்திரம் என்று ஒன்று இருந்தது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, சீல் வைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். 'க்ளவுட்' எனப்படும் மேகக் கணிமையில் இந்த வசதி கிடையாது.

மேகம் என்றதும் ஆகாயத்தில் ஏதோ இருப்பதாக எண்ண வேண்டாம். அதற்கும் தரையில் முகவரி உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-இல் இந்தியாவில் தன் க்ளவுட் மையங்களைத் திறந்தபோது அவற்றை அமைத்த மூன்று இடங்கள் புனே, சென்னை, மும்பை. அங்கே இருக்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரு மூலையை நாம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். ஒரே இயந்திரத்தில் பக்கத்துக் குடித்தனக்காரர் ஒரு மருத்துவமனையாக இருக்கலாம், இன்னொருவர் சினிமா டிக்கெட் விற்பவராக இருக்கலாம். நமக்காக அந்த இயந்திரத்தைக் கழற்றிக் கொடு என்று யாரும் கேட்க முடியாது.

இரண்டாவது சங்கடம், இந்த வாடகைக் கம்ப்யூட்டர்கள் நிலையானவை அல்ல. கூட்டம் அதிகமானால் பத்து முளைக்கும், குறைந்தால் எட்டு தானே மறையும். மறையும்போது அவற்றின் நினைவகத்தில் இருந்தது அனைத்தும் மறைந்துவிடும். தற்காலிக டிஸ்கும் அப்படியே. திருடன் நுழைந்தது அந்த எட்டில் ஒன்றாக இருந்தால், அவன் கைரேகை பட்ட சுவரே இடிந்து போய்விட்டது என்று பொருள்.

மூன்றாவது, குறிப்பேடு. யார் எப்போது உள்ளே வந்தார், எதைத் திறந்தார், எதை மாற்றினார் என்று எழுதிவைக்கும் 'லாக்' பதிவுகளே மேகத்தில் மிஞ்சும் முக்கியத் தடயம். அமேசான் சேவையில் நிர்வாகச் செயல்களின் வரலாறு, நாம் ஒன்றும் செய்யாமலேயே, 90 நாள் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் அஷூரிலும் அதே 90 நாள்தான். ஆனால் சேமித்து வைத்த ஒவ்வொரு கோப்பையும் யார் எடுத்துப் படித்தார் என்ற விவரம், நாமாகக் கேட்டு, காசு கொடுத்து, முன்கூட்டியே ஏற்பாடு செய்தால்தான் பதிவாகும். களவு போன பிறகு அந்தப் பொத்தானை அழுத்துவது, குதிரை ஓடிய பின் லாயத்தைப் பூட்டுவதற்குச் சமானம்.

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், மேகத்தில் தடயம் தேடுவோர் சந்திக்கும் இடர்ப்பாடுகளை 2020-இல் பட்டியல் போட்டுக் காட்டியது. அவற்றுள் பல, ஆற அமர யோசித்து முன்னேற்பாடு செய்யாததால் வருபவை.

இரண்டு நிறுவனங்கள், இரண்டு முடிவுகள்

முன்னேற்பாடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும்.

கோட் ஸ்பேசஸ் என்று ஒரு நிறுவனம். மற்றவர்களின் மென்பொருள்களைப் பாதுகாத்து வைப்பதே அதன் தொழில். 2014 ஜூனில் ஒருவன் அதன் அமேசான் கணக்கின் சாவியைப் பெற்றுக்கொண்டு பணம் கேட்டு மிரட்டினான். நிறுவனத்தார் கட்டுப்பாட்டை மீட்க முயன்றதைக் கண்டதும் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினான். தகவல்கள், இயந்திரங்கள், மாற்றுப் பிரதிகள் யாவும் அதே ஒரு சாவிக்குள் இருந்தபடியால் பெரும்பகுதி அழிந்தது. சுமார் 12 மணி நேரத்தில் கதை முடிந்தது. நிறுவனம் கடையை மூடியது.

அடுத்தது அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கி. 2019 மார்ச் மாதம் அதன் மேகச் சேமிப்பிலிருந்து அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் பற்றிய விவரங்கள் களவு போயின. ஜூலை 17-ஆம் தேதி வெளியார் ஒருவர் எழுதிய மின்னஞ்சல் மூலம்தான் வங்கிக்கே தெரிந்தது. ஆனால் வங்கியிடம் லாக் பதிவுகள் இருந்தன. எந்த முகவரியிலிருந்து என்னென்ன கட்டளைகள் வந்தன என்று பார்க்க முடிந்தது. ஜூலை 29-இல் ஆள் கைதானார். இந்தத் தேதிகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். களவுக்கும் தகவலுக்கும் இடையே 115 நாளுக்கு மேல்! 90 நாளில் அழியும் குறிப்பேட்டை மட்டும் நம்பியிருந்தால் அன்று பார்க்க என்ன இருந்திருக்கும்?

வெண்ணெய்நல்லூர் வழக்கு

"களவு நடக்கும் முன்பே தடயத்துக்கு ஏற்பாடா?" என்று சிலர் சிரிக்கலாம். தமிழருக்கு இது புதிதல்ல. சேக்கிழார் பெரியபுராணத்தில் ஒரு வழக்கைச் சொல்கிறார். சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர் ஒருவர், "நீ எனக்கு வழிவழி அடிமை" என்று ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. முதியவர் அமைதியாகச் சொல்கிறார், கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்று. சபையார் மூல ஓலையை வாங்கிப் படிக்கிறார்கள். உடனே நம்பிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதி வேறிடத்தில் காப்பில் இருந்த இன்னோர் ஓலையை வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

பக்தர்களுக்கு இது தடுத்தாட்கொண்ட திருவிளையாடல். தடயவியல் அறிந்தவர்களுக்கோ இது முழுமையான பாடம். எதிராளியின் கைக்கு எட்டுவது படியாக மட்டுமே இருக்க வேண்டும். மூலம் வேறிடத்தில் இருக்க வேண்டும். அது மாறாதது என்று நிரூபிக்க மூன்றாமவரிடம் ஒரு சான்று இருக்க வேண்டும்.

என்ன ஏற்பாடு செய்யலாம்?

இந்த மூன்றையும் மேகத்தில் எப்படிச் செய்வது? தொழில் தெரிந்தவர்கள் சொல்வதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவது, லாக் பதிவுகள் பிறந்த உடனே, அவை வேறொரு கணக்குக்கு, வேறொருவர் பொறுப்பில் இருக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே ஒருமுறை எழுதியதைக் குறித்த காலம் வரை யாரும், நிர்வாகியே ஆனாலும், அழிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதி எல்லாப் பெரிய மேக நிறுவனங்களிடமும் இருக்கிறது. கோட் ஸ்பேசசுக்கு நேர்ந்தது நமக்கு நேராமல் இருக்க இதுவே வழி.

இரண்டாவது, கடிகாரம். மேகத்தின் குறிப்பேடுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகின்றன. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். ஆகஸ்ட் 12 அதிகாலை 1.30-க்கு நடந்தது, குறிப்பேட்டில் ஆகஸ்ட் 11 இரவு 8 மணி என்று இருக்கும். ஒரு கம்ப்யூட்டர் இந்திய நேரத்தையும் இன்னொன்று பொது நேரத்தையும் காட்டி, மூன்றாவது நான்கு நிமிடம் பிந்தி ஓடினால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட இனிப்பான விருந்து வேறு வேண்டாம்.

மூன்றாவது, சந்தேகம் எழுந்ததும் செய்ய வேண்டியதை எழுதிவைத்துப் பழகிப் பார்த்திருக்க வேண்டும். பதற்றத்தில் எல்லோரும் செய்வது இயந்திரத்தை அணைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றுவது. அது தடயத்தைத் தீயில் போடுவதற்கு ஒப்பானது. அணைக்காமல் அதன் வெளித்தொடர்புகளை மட்டும் துண்டித்து, முடிந்தால் நினைவகத்தையும், பிறகு டிஸ்கையும் அப்படியே படி எடுக்க வேண்டும். எடுத்த படிக்கு 'ஹாஷ்' எனும் எண்ணைக் கணக்கிட்டு எழுதிவைக்க வேண்டும். இது கோப்பின் கைரேகை மாதிரி. ஓர் எழுத்து மாறினாலும் எண் முழுவதும் மாறிவிடும். யார் எடுத்தார், எத்தனை மணிக்கு எடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்ற வரிசையும் விட்டுப்போகாமல் எழுதப்பட வேண்டும்.

நான்காவது, வாடகை ஒப்பந்தம். நம் தகவல் எந்த ஊரில் இருக்கிறது, விபரீதம் நேர்ந்தால் எந்தப் பதிவுகளை எத்தனை மணி நேரத்தில் தருவார்கள், யாரைக் கூப்பிட வேண்டும் என்பவை கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள். தகவல் அயல்நாட்டில் இருந்தால், போலீசார் அரசுகளுக்கு இடையிலான கடிதப் போக்குவரத்து மூலம் கேட்டுப் பெற வேண்டிய நிலை வரலாம். அது மாதக்கணக்கில் இழுக்கும்.

சட்டம் கேட்பது

இவற்றில் சில இனி நம் விருப்பத்தைப் பொறுத்தவை அல்ல. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் லாக் பதிவுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும். கணினி அத்துமீறல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும். கடிகாரங்களை அரசின் நேரக் கணினிகளோடு ஒத்து வைக்க வேண்டும். மேக நிறுவனம் தானாகத் தருவது 90 நாள், சட்டம் கேட்பது 180 நாள். இந்த இடைவெளியை நிரப்புவது வாடகைக்கு எடுத்தவரின் பொறுப்பு.

நீதிமன்றத்தின் எதிர்பார்ப்பும் வளர்ந்திருக்கிறது. 2004-இல் சென்னை எழும்பூர் நீதிமன்றம், யாஹூ செய்திக் குழுவில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசமாக எழுதியவருக்குத் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் நாட்டில் வழங்கப்பட்ட ஆரம்பகாலத் தண்டனைகளில் அது ஒன்று. எழுத்து இருந்ததோ அமெரிக்க நிறுவனத்தின் கம்ப்யூட்டரில். அதைச் சென்னையில் பார்த்து, அச்செடுத்து, சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி சான்றளித்து நீதிமன்றத்தில் வைத்தார்கள். பின்னர், நம் மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதித் தேர்தல் வழக்கு ஒன்றில் 2020 ஜூலை 14-இல் உச்ச நீதிமன்றம், மூலக் கருவியைக் கொண்டுவராத இடத்தில் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உறுதி செய்தது. மேகத்தில் மூலக் கருவியைக் கொண்டுவருவது ஏது? ஆகவே சான்றிதழே கதி. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, அந்தச் சான்றிதழை இரு பகுதிகளாக்கி, ஒன்றைப் பொறுப்பாளரும் மற்றதை நிபுணரும் தர வேண்டும் என்கிறது. ஹாஷ் எண்ணையும் அதில் குறிப்பிட வேண்டும்.

தடயம் யாரைக் காப்பாற்றும்?

இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் தலைவலி, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். ஹிஞ்சவாடியிலும் கராடியிலும் மகர்பட்டாவிலும் இரவுப் பணியில் கண்விழித்து இந்த மேகங்களைக் கட்டிக்காப்பவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! திருடன் தன் பெயரில் உள்ளே வருவதில்லை. இப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் சாவியைத் திருடி, அவன் பெயரில்தான் வருகிறான். மறுநாள் குறிப்பேட்டில் அந்தப் பெயர் இருக்கும். அதை மட்டும் பார்த்தால் குற்றவாளி அவனே. அந்தச் சாவி எந்த நாட்டு முகவரியிலிருந்து பயன்பட்டது, அதே நிமிடம் அவன் எங்கிருந்து வேலை செய்துகொண்டிருந்தான், இரண்டாவது அடையாளச் சோதனை நடந்ததா என்ற மற்ற பதிவுகளும் சேர்ந்திருந்தால்தான் அவன் நிரபராதி என்பது விளங்கும். தடயம் குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டும் அல்ல. குற்றமற்றவர் தலை நிமிர்ந்து வீடு திரும்பவும் அதுவே துணை.

சொந்தத் தொழில் நடத்துவோரும், ஹவுசிங் சொசைட்டிச் செயலாளர்களும், ஏன், நம்மைப் போன்ற சங்கத்தாரும் இதில் செய்யக்கூடியவை உண்டு. உறுப்பினர் பட்டியலும் கணக்கு வழக்கும் இப்போது பெரும்பாலும் இணையத்தில்தான் இருக்கின்றன. பாஸ்வேர்டை ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளாமல் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வது, யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்று பார்ப்பது, மாதம் ஒருமுறை ஒரு பிரதியை வேறொருவர் பொறுப்பில் வைப்பது, இவற்றுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அலுவலகத்தில் இந்தப் பொறுப்பில் இருப்பவர்கள் வரும் திங்கட்கிழமை ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். "நான்கு மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி நம் கம்ப்யூட்டரில் யார் நுழைந்தார் என்று இன்று கேட்டால், நம்மால் பதில் சொல்ல முடியுமா?" முடியும் என்றால் நிம்மதி. முடியாது என்றால், வெள்ளம் வரும் முன் அணை கட்ட இன்னும் நேரம் இருக்கிறது.